தாய்மாமன் கட்டும் பட்டம்

மச்சான்,

பக்கத்துக் காலி மனையில் இன்று காலையிலிருந்து தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். ரிக் வண்டி வந்து நின்று கம்ப்ரஸரை முடுக்கியதும் வீட்டு ஜன்னல் எல்லாம் அதிரத் தொடங்கிவிட்டது. முதலில் செம்மண் வந்தது, அப்புறம் சரளை, அதற்கப்புறம் பாறை. பாறையை அரைக்கும்போது ஈரமாக ஒரு சாம்பல் வாசனை வருமே, அது வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் தங்கை கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன், சொல்வதற்கென்ன.

நீங்கள் வரும்போதெல்லாம் உங்களுக்கு முன்னால் இந்த வாசனைதான் வீட்டுக்குள் வரும். ஒடிசாவோ மத்தியப் பிரதேசமோ, ரிக்கோடு எங்கே கேம்ப் போட்டிருந்தாலும் ரயிலைப் பிடித்து வந்து இறங்குவீர்கள். தோள்பையைக் கூடத்தில் வைத்தால் கீழே வட்டமாகப் பொடி உதிரும். "பையை வெளிய வெய்யிங்கண்ணா, ஊடெல்லாம் தூசி" என்று தங்கை கத்துவாள். "இது தூசி இல்ல அம்மிணி, ஒரு ஊருக்கே தண்ணி குடுத்த பொடி. துண்ணூறா நெத்தீல பூசிக்க" என்பீர்கள். அவள் திட்டிக்கொண்டே துடைப்பாள். இன்று காலை ஜன்னலில் படிந்த பொடியை மட்டும் அவள் துடைக்கவில்லை.

இந்த வாசனை வராமல் போயிருந்தாலும் இன்று உங்களுக்கு எழுதித்தான் இருப்பேன். நேற்று எனக்கு ஒரு சங்கதி தெரிந்தது. உங்களுக்கும் எனக்கும் நடுவில் உள்ள சங்கதி. அதைச் சொல்ல வேண்டுமானால் பையனின் பட்டமளிப்பு விழாவுக்கு நாம் காரில் போய்வந்த அந்த ஒரு நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு நல்லது எது நடந்தாலும் தாய்மாமன்தான் முன்னால். என் மகனுக்கு முதல் மொட்டை அடித்தபோது அவன் உட்கார்ந்தது உங்கள் மடியில். காது குத்தியபோதும் உங்கள் மடிதான். பெற்ற அப்பனாகிய நான் கோயில் வாசலில் எல்லாருடைய செருப்புக்கும் காவல் நின்றேன். "பெத்தது நானு, மடி மட்டும் உங்களுதுங்களா மச்சான்?" என்று கேட்டேன். "வேணுமுன்னா வாடகைக்கு எடுத்துக்கங்க மாப்ள" என்றீர்கள். காதில் ரத்தம் சொட்ட அழுதுகொண்டிருந்த குழந்தையை வைத்துக்கொண்டு நாம் இருவரும் சிரித்தோம். காது குத்திய ஆசாரிக்குக்கூடக் கோபம் வந்துவிட்டது.

அப்படித்தான் இருந்தோம். இருபத்து சொச்ச வருடப் பழக்கத்தில் நாம் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக நினைவில்லை. நான் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், கடைசியில் இருவரும் சிரிப்போம். "ரெண்டு பேருக்கும் நாக்கு கோணலாத்தான் வெச்சான் கடவுளு" என்பாள் உங்கள் தங்கை. தறிக்கூடத்தில் நாலு பேர் நான் சொல்வதற்குச் சிரிப்பார்கள். அவர்கள் என்னிடம் கூலிக்கு நிற்பவர்கள், சிரிக்கத்தான் வேண்டும். நீங்கள் சிரித்தால்தான் அது நல்ல கேலி என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தீர்கள். அப்புறம் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் "மாப்பிள்ளைக்கு ரிக்குலயா வேலை?" என்று ஒரு கேள்வி வரும், அதோடு காரியம் கெட்டுவிடும். வருஷத்தில் பத்து மாதம் வடக்கே இருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒரு கட்டத்துக்கு மேல் நீங்களே போதும் என்று விட்டுவிட்டீர்கள். அதனால் எனக்கு இருப்பது ஒரே மகன், உங்களுக்கு இருந்ததும் அவன் ஒருவன்தான். இன்னொரு பிள்ளைக்கு நல்லது செய்து பார்க்க உங்களுக்கு வழியே இல்லை. இது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்த்தேனா என்பது வேறு.

பையன் நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் முடித்தான். காலேஜிலிருந்து பட்டமளிப்பு விழா அழைப்பு வந்ததும் உங்களுக்குப் போன் போட்டேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், உங்க மருமகனுக்குப் பட்டம் குடுக்கறாங்களாமா!"

"என்னதுங்க மாப்ள?"

"பட்டமுங்க, பட்டம்!"

"பட்டமா? தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கறப்ப எவனுங்க அவனுக்குப் பட்டம் கட்டறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் நெற்றியில் தாய்மாமன் கட்டுகிற பொன்தகடும் பட்டம்தான், காலேஜில் கொடுக்கிற காகிதமும் பட்டம்தான். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துவிட்டுப் போனால் மனுஷன் என்ன செய்வான்? "கட்டறதில்லீங்க மச்சான், சும்மா கையில குடுப்பாங்க" என்றேன். "குடுக்கறதோ கட்டறதோ, பட்டமுன்னா மாமன் வரோணுமில்ல. லீவு சொல்லிட்டு வாரேன்" என்றீர்கள்.

நீங்கள் விளையாடினீர்களா, மெய்யாகவே அப்படி நினைத்தீர்களா? எட்டாவதோடு படிப்பை விட்டவர்தான், ஆனால் இந்தியாவில் பாதியைச் சுற்றியவர். உங்களுக்கா தெரியாமல் இருக்கும்? விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் டீக்கடையில், தறிக்கூடத்தில், நூல் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். எடப்பாடியில் பாதிப் பேருக்கு நீங்கள் வருகிற சேதி தெரிந்துவிட்டது.

அது ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டுத் தம்பியின் காரை இரவல் வாங்கி நானே ஓட்டினேன். நீங்கள் முதல் நாளே வந்துவிட்டீர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் புது வாட்ச். முன்சீட்டில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று தங்கையோடு பின்னால் உட்கார்ந்துகொண்டீர்கள். சங்ககிரி தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டீர்கள். "மாப்ள, நீங்க கியரு மாத்தறீங்களா, மாவு ஆட்டறீங்களா?" திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கிற பட்டறைகளைக் கடந்தபோது மட்டும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு "லீவுல வந்தவனுக்கு ஆபீசைக் காட்டாதீங்க" என்றீர்கள். உங்கள் தங்கை அன்று அப்படிச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அப்படிச் சிரிக்கவைக்க என்னால் முடிந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அழைப்பிதழைப் படித்துப் பார்த்துவிட்டு, "சனிக்கெழமை ராகு காலத்துலயே ஆரம்பிக்கறானுங்களே, படிச்சவனுங்களா இவனுங்க?" என்று வருத்தப்பட்டீர்கள். நாள் நட்சத்திரம் பார்க்காமல் நீங்கள் சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டீர்கள். போர் போடும் இடத்தில் முதல் தேங்காய் உடைக்க நல்ல நேரம் வரும்வரை மெஷினை நிறுத்தி வைத்து முதலாளியிடம் திட்டு வாங்குகிறவர்.

நாமக்கல் நெருங்கும்போது உங்கள் தங்கை கேட்டாள், "பையில என்னங்கண்ணா அத்தனை பெரிசா?" நீங்கள் பையைத் திறந்தீர்கள். தாம்பாளம், தேங்காய், பழம், வெற்றிலை, மருமகனுக்கு வேட்டி துண்டு. கடைசியாக ஒரு மஞ்சள் துணியைப் பிரித்தீர்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். விரல் அகலத்துக்கு ஒரு தகடு, இரண்டு முனையிலும் நூல். முதல் நாள் சங்ககிரி ஆசாரியிடம் உட்கார்ந்து செய்து வாங்கியிருக்கிறீர்கள்.

"நெசமாலுமே செஞ்சுட்டீங்களா மச்சான்!" வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். "பின்ன, மாமன் வெறுங்கையோட வாரதுங்களா?" என்றீர்கள். தங்கை சிரிக்கவில்லை. தகட்டைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

காலேஜ் கேட்டில் பையன் கறுப்பு அங்கியோடு நின்றான். நம்மைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "ரெண்டு பாஸ்தானுங்கப்பா குடுத்திருக்கறாங்க. கேட்டுப் பாத்தேன், மாட்டேங்கறாங்க" என்றான். மாமா வருவார் என்று அவனுக்குத் தெரியும், பாஸ் கிடைத்துவிடும் என்று கடைசி நிமிஷம்வரை நம்பியிருக்கிறான்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். "இதுக்கு எதுக்குச் சாமி மொகத்தத் தொங்கப் போடற? அம்மாளும் அப்பனும் போகட்டும். பெத்தவிய உள்ள இருக்கறதுதான மொறை." அப்புறம் என்னைப் பார்த்து, "மாப்ள, இன்னைக்குச் செருப்பு நான் பாத்துக்கறேன், போங்க" என்றீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என் மகன் பிறந்து இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாக நான் முன்னால், நீங்கள் வாசலில். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.

உள்ளே என்ன இருந்தது? ஏசி இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். கைதட்டும்போது நாங்களும் தட்டினோம். அப்புறம் பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டார்கள். நம் பையன் பெயரை மைக்கில் படித்த அம்மாள் தப்பாக உச்சரித்தாள், அவன் வந்தான், வாங்கினான், போனான். நான் எழுந்து நிற்பதற்குள் முடிந்துவிட்டது. பின்னாலிருந்தவர் "உக்காருங்க சார்" என்றார். உங்கள் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "அண்ணன் பாத்திருக்குமுங்களா?"

வெளியே பந்தல் போட்டுப் பெரிய திரை வைத்திருந்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். பிறகு உங்களிடம் கேட்டபோது, "அந்தப் பெரிய மனுசன் மூஞ்சியத்தானுங்க காட்டுனாங்க. மருமகன் கை மட்டும் தெரிஞ்சுது. கை நல்லா இருந்துச்சு" என்றீர்கள். அதற்கும் சிரித்தோம்.

நாங்கள் வெளியே வந்தபோது நீங்கள் பந்தலில் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் காலேஜ்காரர்களே கட்டிய பிள்ளையார் கோயில் இருந்ததே, அங்கே தாம்பாளத்தைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். எல்லாரும் பாஸ் கிடைக்காத அத்தைமார், சித்திமார். அதில் ஒரு அம்மாள் தாம்பாளத்தையும் பட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இந்தக் காலேஜுல மாமன்தான் கட்டோணுமுங்களா? எங்ககிட்ட ஆருமே சொல்லலீங்களே. என்ற தம்பி ஈரோட்டுல இருக்கறானுங்க, போன் போட்டு வரச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கம்மா, இன்னும் நேரமிருக்குது" என்றீர்கள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அந்த அம்மாள் போனை எடுத்தே விட்டாள். நான் பிள்ளையார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பையன் வர நேரமாகிவிட்டது. சிநேகிதர்களோடு போட்டோ, அப்புறம் அங்கியைத் திருப்பிக் கொடுக்க ஒரு வரிசை. அவன் ஓடிவந்து சேரும்போது நீங்கள் வாட்சைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் விழுந்தது. "எமகண்டம் பொறந்துருச்சுங்க மாப்ள. செத்த நேரம் இருந்து, முடிஞ்சொடன கட்டிக்கலாமுங்களா?"

செத்த நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் தறியில் நெய்த துண்டுகளைப் பேல் கட்டி ஏற்ற லாரி வருவதாக இருந்தது, நான் இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள். அவசரம் ஒரு பக்கம், சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள் என்ற உற்சாகம் ஒரு பக்கம். எனக்கு நாலு பேர் கூடிவிட்டால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"மச்சான், பட்டங் கட்டிட்டா அடுத்தாப்ல பொண்ணு எங்கேன்னு கேப்பாங்க. நான் எங்க போயித் தேடறது? கல்யாணத்தன்னைக்குக் கட்டிக்கலாமுங்க. நீங்க எங்க போயிடப் போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "அதுவுஞ் சரிதானுங்க" என்று தகட்டை மஞ்சள் துணியில் மடித்து உள்ளே வைத்தீர்கள். உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள், உங்களை ஒரு பார்வை பார்த்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தேங்காயைத் துடைத்துப் பையில் போட்டாள்.

எங்கே போய்விடப் போகிறீர்கள் என்பது நாம் தினம் யாரிடமாவது சொல்கிற வார்த்தை. பாக்கி தர வேண்டியவனிடம் சொல்வோம், சாப்பிடாமல் எழுந்திருக்கிற விருந்தாளியிடம் சொல்வோம். நான் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை.

ஹாஸ்டல் அறையை அன்றே காலி செய்ய வேண்டியிருந்தது. நீங்களும் பையனும் சாமான் எடுக்கப் போனீர்கள். தோள்பையையும் மாட்டிக்கொண்டுதான் போனீர்கள், நான் அதைக் கவனித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. நானும் தங்கையும் காரில் உட்கார்ந்திருந்தோம். நான் இரண்டு முறை ஹாரன் அடித்தேன். வெகுநேரம் கழித்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் முன்னால் வந்தீர்கள், பக்கெட்டும் படுக்கையுமாக அவன் பின்னால். "ஹாஸ்டலையே பேத்து எடுத்துட்டு வாரீங்களா?" என்றேன். பையன் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் இருந்தது. "சாமி கும்பிட்டு வந்தோமுங்க" என்றீர்கள். பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நீங்கள் அதிகம் பேசவில்லை. என் கியரைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஊர் ஊராக அலைகிறவர், களைப்பு என்று விட்டுவிட்டேன். சங்ககிரியில் இறங்கிக்கொண்டீர்கள், கேம்புக்குத் துளை போடும் இரும்பு ராடு ஏற்றிப் போகிற லாரி அங்கே நின்றது. "வாரேன் சாமி" என்று அவனிடம் சொன்னீர்கள். தங்கையின் தலையைத் தொட்டு "வாரேன் அம்மிணி" என்றீர்கள். என்னிடம் வந்து, "வாரேன் மாப்ள. வண்டிய மெதுவா ஆட்டுங்க" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினேன்.

அந்த வருடமே ஐப்பசியில் கேம்பிலிருந்து போன் வந்தது. காலையில் வேலைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத ஊராம். உங்களோடு வேலை செய்த பையன்கள் இரண்டு பேர் ஆம்புலன்சிலேயே உட்கார்ந்து உங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள் சட்டையிலும் இதே வாசனைதான் இருந்தது.

அதற்கப்புறம் மூன்று வருடம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையோடு கிடந்தேன். தறிக்கூடத்தில் யாராவது "எங்க போயிடப் போறோம்" என்றால் எழுந்து வெளியே போய்விடுவேன். உங்கள் தங்கை என்னை ஒருநாளும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். ஒரு மனிதனுக்கு ஒரே மருமகன், ஒரே ஒரு பட்டம், அதையும் என் வாயால் கெடுத்துவிட்டேனே என்று உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது.

நேற்றுக்கு வருகிறேன். பையனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கிறோம் மச்சான். நல்ல பெண், அவளும் இவனோடு வேலை பார்க்கிறவள்தான். நம் பக்கத்துக் கல்யாணச் சீர்களை முன்னின்று நடத்திக் கொடுக்கும் அருமைக்காரர் நேற்று வீட்டுக்கு வந்தார். பேச்சு வாக்கில், "பையனுக்குத் தாய்மாமன் ஆருங்க, பட்டங் கட்டறது?" என்று கேட்டார். உங்கள் தங்கை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் புரிந்துகொண்டு, "இல்லீன்னாப் பரவாயில்லீங்க, அவிய பங்காளி மொறையில ஒருத்தரு கட்டிக்கலாம்" என்றார்.

"அவரு கட்ட வந்தாருங்க" என்றேன். "பட்டமெல்லாம் செஞ்சு எடுத்துட்டு வந்தாருங்க. நாந்தான்..." அதற்கு மேல் வரவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போனதை என் மகன் நேற்றுதான் முதலில் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

அருமைக்காரர் போனபிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். 

"அப்பா, மாமா கட்டிட்டாருங்க."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கே கட்டிட்டாருங்கப்பா. ஹாஸ்டலு ரூமுல. பசங்க எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, ஆருமே இல்ல. வெறுங்கட்டில்ல என்னை உக்கார வெச்சாரு. எமகண்டமுங்களே மாமான்னேன். கையில இருந்த வாட்சக் கழட்டிப் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டு, இப்ப மணி என்னன்னு எனக்கே தெரியாது சாமி, தெரியாமச் செஞ்சாத் தப்பில்லைன்னாரு. தேங்காய ஜன்னல் கம்பியில ஒடைச்சாரு. குங்குமம் வெச்சாரு. பட்டங் கட்டி, வேட்டி துண்டு குடுத்தாரு. நான் கால்ல உழுந்து கும்பிட்டேனுங்க. அப்புறம் அவரே அவுத்து, மடிச்சு என்றகிட்டயே குடுத்துட்டாரு."

அவன் உள்ளே போய் அந்த மஞ்சள் துணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான் மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. நீங்கள் குறையோடு போகவில்லை. அதைத்தான் மூன்று வருடமாக எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். அந்தச் சந்தோஷத்தோடு எழுந்துபோயிருக்கலாம். நான்தான் கேட்டேன்.

"ஏஞ் சாமி, இத்தனை நாளா எங்கிட்டச் சொல்லல?"

அவன் அம்மாவைப் பார்த்தான். உங்கள் தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "எனக்கும் தெரியுமுங்க" என்றாள். "அன்னைக்கு நெத்தீல குங்குமத்தப் பாத்தப்பவே தெரிஞ்சுது. ஊட்டுக்கு வந்து அவனக் கேட்டேன், சொன்னான்."

"மாமாதானுங்க சொல்ல வேண்டாமுன்னாரு" என்றான் பையன். "கட்டறதுக்கு முன்னால அப்பாவக் கூப்பிடட்டுங்களான்னு நாங் கேட்டேன். வேண்டாஞ் சாமி, உங்கப்பா பாத்தா சிரிப்பாரு. அவரு சிரிச்சா நானும் சிரிச்சுப்போடுவேன். இதச் சிரிச்சுட்டே கட்டக் கூடாதுன்னாரு."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நீங்களும் குறையாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். என் மேல் உங்களுக்கு இருந்தது பிரியம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. இருந்தாலும் நேற்று முழுக்க அந்த வார்த்தையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். அப்படியென்றால் எத்தனை முறை அப்படிச் சிரித்தீர்கள்? கடைசியாகப் பார்த்த பெண் வீட்டிலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டபோது, "ரிக்கையே கட்டிக்கங்க மச்சான், மேளதாளமே வேண்டாம், சத்தம் அதுவே போடும்" என்றேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே. அது யாருடைய சிரிப்பு? நாம் சேர்ந்து சிரித்தோம் என்றுதான் இருந்தேன். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எது நம்முடையது, எது எனக்காகப் போட்டது என்று பிரிக்கத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை. இருந்தாலும் இதையும் ஒரு கேலியாக்கி என்னைச் சிரிக்கவைத்து அனுப்பியிருப்பீர்கள்.

என் மகனுக்கு நடந்த நல்லதிலேயே பெரிய நல்லது அதுதான். நானும் அவன் அம்மாவும் வெளியே காரில் உட்கார்ந்திருந்தோம், நான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் உங்கள் பங்காளி மகன் வந்து கட்டுவான். வேறு பட்டம் வாங்க வேண்டாம், மாமன் செய்ததையே கட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். பையனுக்கும் அதுதான் ஆசை. பந்தலில் கூட்டம் இருக்கும், நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பேசாமல் இருப்பேன்.

நேற்று அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "கட்டறப்ப மாமா மொகம் எப்படி இருந்துச்சு சாமி?"

அவன் யோசித்துப் பார்த்தான். "நாந் தலையக் குனிஞ்சிருந்தேனுங்கப்பா. பாக்கலீங்க."

இத்தனை வருடத்தில் நீங்கள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான் மச்சான். அன்று உங்களை ஆம்புலன்சிலிருந்து இறக்கி வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது.